எத்தனை நூல் படித்தீர்?

ஒருவர் ஒரு நூலைப் படித்துவிட்டேன் என்று கூறும்போது அவர் கூறுவது யாது? முதற்பக்கம் தொடங்கி இறுதிப்பக்கம் வரை கண்ணோட்டினார் என்பதா? கதைப்போக்கு இன்னதென்று பிறர்க்கு எடுத்துரைக்க வல்லவர் என்பதா? அன்றி, அந்நூல் அவருள் ஏதோ ஒன்றைச் செய்துவிட்டது என்பதா? மேலெழுந்தவாரியாக நோக்கின் இது வேலையற்றோர் வினவும் வினாவாகத் தோன்றும். சில ஆண்டுகட்கு முன்பு வரை எனக்கும் அவ்வாறே தோன்றிற்று. இணையவழி வாசகர் வட்டம் ஒன்றில் சேர்ந்து, ஆண்டுக்கு ஐம்பது நூல் படிப்பேன் எனப் பலரறிய உறுதி கூறி, அவ்வுறுதியின் பொருட்டு ஒரு சிறு பொய்யும் உரைத்த பின்னரே இவ்வினாவின் கனம் எனக்கு விளங்கியது.

நான் வாழும் உல்லாஸ்நகர், நூல்களாற் பெயர் பெற்ற ஊரன்று. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர் தங்குவதற்கென எழுந்த கல்யாண் முகாம், நாட்டுப் பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்திலிருந்து வந்த ஏதிலியரின் புகலிடமாயிற்று. 1949 ஆகஸ்டு 8ஆம் நாள் அதனை நகராக்க அடிக்கல் நாட்டியவர் அந்நாளைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி. தமிழ் எழுத்தாளர் ஒருவர் அடிக்கல் நாட்டிய ஊர் என்று அலுவலக நண்பர்களிடம் நான் பெருமை பேசுவதுண்டு. அவர்களோ, மலிவான ஜீன்ஸ் கிடைக்கும் ஊர் என்று மட்டுமே இதனை அறிவர். பணித்தேர்வு எழுதி நெல்லைச் சீமையிலிருந்து இம்மாநகர் வந்த நான், வாடகைக்கு அஞ்சி இரயில் பாதையோடு வடகிழக்காக நகர்ந்து நகர்ந்து, ஈற்றில் விட்டல்வாடி நிலையத்துக்கு அருகே குடியேறினேன். அங்கிருந்து சத்ரபதி சிவாஜி முனையம் வரை ஒரு வழிக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மனிதரோடு மனிதராக நெருங்கி நிற்கும் வாழ்வு! அப்பெட்டியில் ஒரு மூலையில் சீட்டாட்டம் நடக்கும். மறு மூலையில் தாளம் தட்டி மராத்தியப் பக்தர்கள் அபங்கம் பாடுவர். மேலே தொங்கும் கைப்பிடியை ஒரு கையாலும் கைப்பேசியை மறு கையாலும் பற்றியபடி நான் படிப்பேன்.

கைப்பேசியில் தமிழ் படிக்க இயன்றது நம் காலத்தின் பெரும்பேறு எனலாம். மதுரைத் திட்டத்தார் 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக ஏற்றிவந்தனர். கிண்டிலில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கியது 2016ஆம் ஆண்டில். மாட்டுங்காவுக்குச் சென்று நூல் வாங்கிச் சுமந்து வந்த காலம் போய், அம்பர்நாத்துக்கும் தாணாவுக்கும் இடையில் நின்றபடியே ஒரு நூலைப் பெற்றுவிடலாம் என்னும் காலம் வந்தது. நூல்கள் கைக்கெட்டின, படிப்பதற்கான மனவுறுதிதான் எட்டவில்லை. கைப்பேசியில் நூலைத் திறந்தால், அடுத்த கணமே ஏதேனும் ஒரு வேடிக்கைக் காட்சி கைதட்டி அழைத்துவிடும்.

இந்நிலையில் 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று வந்தது. இரயில்கள் நின்றன. அவ்வேளையில், வாட்ஸப் வழியே நண்பர் சிலர் தொடங்கிய வாசகர் வட்டத்தில் சேர்ந்தேன். தாராவி, செம்பூர், மாட்டுங்கா, டோம்பிவிலி எனப் பல பகுதியினர். பிழைப்பின் பொருட்டு துபாய் சென்ற இருவர். நாகர்கோவிலில் இருந்த ஆசிரியை ஒருவர். ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் இத்தனை நூல் படிப்பேன் என அறிவித்தல் வேண்டும்; படித்து முடித்ததும் பத்து வரிக் குறிப்பொன்று எழுதிப் பட்டியலில் சேர்த்தல் வேண்டும். இது எங்கள் கண்டுபிடிப்பன்று. குட்ரீட்ஸ் என்னும் இணையதளம் 2011 முதல் உலகெங்கும் நடத்திவரும் முறை. அத்தளம் நீங்கள் எத்தனை நூல் பின்தங்கியுள்ளீர் என்பதனையும் நாள்தோறும் சுட்டிக்காட்டும். கடன்காரனைப் போல! அதனை 2013இல் விலைக்கு வாங்கியது நூல் விற்கும் அமேசான் நிறுவனம் என்பதையும் மறத்தற்கில்லை. எண்ணிக்கை ஏற ஏற யாருக்கு ஊதியம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தமிழிலும் 'வாசிப்பை நேசிப்போம்' என்னும் முகநூல் குழுவினர் வாசிப்பு நெடுவோட்டம் நடத்துகின்றனர். நூல்களை எண்ணாமல் நேரத்தை எண்ணி, ஆயிரம் மணி நேரம் படிப்பதென உறுதி பூண்டோரும் உளர். எழுத்தாளர் ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை இணையத்தில் நாள்தோறும் எழுதிய 'வெண்முரசு' இருபத்தாறு நாவல்களாக விரிந்தபோது, அதனை நாள் தவறாது உடன் படித்துச் சென்ற வாசகர் பலர்.

இத்தகைய உறுதிகளை எள்ளி நகையாடுவோர் உளர். படிப்பதற்கும் போட்டியா என்பர். அவர்களோடு நான் உடன்படுவதற்கில்லை. மனித மனம் தனக்குத் தானே கூறும் உறுதியை எளிதில் மீறும்; நால்வர் அறியக் கூறிய உறுதியை மீற நாணும். முருகனுக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொள்பவர் அதனை வீட்டாரிடமும் சொல்லிவைப்பது ஏன்? மனம் தளரும்போது வீட்டார் நினைவூட்டட்டும் என்பதற்கன்றோ? எங்கள் வட்டத்தில் சேர்ந்த முதலாண்டில் இருபத்தேழு நூல்கள் படித்தேன். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் நான் படித்தவை அத்தனை இரா. அப்பயனை மறுப்பேனாயின் நன்றி மறந்தவன் ஆவேன்.

எனினும், எண்ணிக்கை என்பது எத்தகைய பொருள் என்பதனை மற்றையோரைவிட நான் நன்கறிவேன். என் தொழிலே அது. இருபது ஆண்டுகளாக அரசு அலுவலகத்தில் மாத அறிக்கை எழுதி வருபவன் நான். பெறப்பட்ட கோப்புகள் இத்தனை, தீர்க்கப்பட்டவை இத்தனை, நிலுவை இத்தனை. மார்ச்சு மாத இறுதியில் நிலுவை எவ்வாறு திடுமெனக் குறையும் என்பதனை அரசுப்பணியில் உள்ள அன்பர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை. கடினமான கோப்பு அலமாரியின் அடியிற் செல்லும். ஒரு வரியில் முடியும் கோப்பு மேலே வரும். எண்ணுவதற்கு எளிதானது எதுவோ அதுவே முதலில் செய்யப்படும். இதில் பொய் ஏதுமில்லை. ஆயினும் அறிக்கை பேசுவது ஒன்று, அறையில் நிகழ்ந்தது மற்றொன்று.

இரண்டாம் ஆண்டு ஐம்பது நூல் என்று அறிவித்தேன். ஆவணி மாதத்திற்குள் என்னையறியாமலே அலுவலக வழக்கம் என் புத்தக அலமாரிக்குள் புகுந்துவிட்டது. நூலைத் தேர்ந்தெடுக்குமுன் அதன் பக்க எண்ணிக்கையைப் பார்க்கலானேன். எண்பது பக்கமெனில் உள்ளம் மகிழ்ந்தது. அறுநூறு பக்கமெனில், பிறகு பார்ப்போம் என்றது. முன்பு படித்த நூல் ஒன்றை மீண்டும் படிக்க ஆவல் எழுந்தபோதும், எங்கள் வட்டத்தில் மறுவாசிப்புக்கு எண் கிடையாதாகலின் அதனை ஒதுக்கினேன். நல்லார் நட்பு பழகப் பழக இனிக்கும் என்பதற்கு வள்ளுவர் எடுத்தாண்ட உவமையே, பயிலுந்தோறும் சுவை மிகும் நூல் அன்றோ? மறுவாசிப்புக்கு மதிப்பில்லாத ஒரு கணக்கு, அக்குறளுக்கு எதிர்த்திசையில் நடக்கும் கணக்கு என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். தாராவியில் வாழ்பவர், இளமையில் நெல்லையிலிருந்து வந்து தோல் கிடங்கில் கணக்கெழுதியவர், எழுபது வயதைக் கடந்தவர். கண்பார்வை மங்கிவிட்டமையால் அவருக்குப் படித்துக் காட்டியவள் கல்லூரியிற் பயிலும் அவருடைய பேத்தி. அப்பெண்ணோ ஆங்கிலவழியில் கற்றவள். தமிழை எழுத்துக் கூட்டியே படிப்பாள். ஆகவே ஒரு நூலை முடிக்க அவ்விருவர்க்கும் மூன்று மாதம் ஆயிற்று. ஆண்டுக்கு நான்கு நூல் என்று அவர் அறிவித்தபோது வட்டத்தில் பலர் புன்னகைக் குறிகளை இட்டனர். நானும் ஒன்று இட்டேன்.

பின்னர் ஒரு வழக்கு எழுந்தது. காதாற் கேட்டது கணக்கிற் சேருமா? ஒலிநூல் கேட்போர் சிலரும் இதே வினாவை எழுப்பினர். மூன்று நாள் விவாதம் நடந்தது. கண்ணாற் படித்ததே கணக்கு என்று முடிவாயிற்று. அதன்படி பெரியவரின் நூல்கள் அவர் பெயரில் ஏறாமல் பேத்தியின் பெயரில் ஏறின. "பிள்ளைக்கே போகட்டும், நல்லதுதான்" என்று பெரியவர் குரற்பதிவு அனுப்பினார். அம்முடிவை ஆதரித்து வாக்களித்தவருள் நானும் ஒருவன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். விதி என்பது விதி என்று வாதிட்டேன். செல்வத்துள் தலையாய செல்வம் கேள்வி என்று கொண்ட மொழியில் பிறந்து, ஆசிரியரிடம் பயில்வதனையே 'பாடம் கேட்டல்' என்று வழங்கிய மரபில் வந்து, அவ்வாறு வாதிட்டேன். படிப்பகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க எழுத்தறியாத பத்துப்பேர் சூழ்ந்து கேட்டு அரசியல் தெளிந்த காலத்தை என் தந்தையார் வாயிலாகக் கேட்டிருந்தும் அவ்வாறு வாதிட்டேன்!

திசம்பர் வந்தது. என் கணக்கில் நாற்பத்தொன்பது. எஞ்சிய ஒன்றுக்கு நான் எடுத்துக்கொண்டது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இளமையிலேயே சுமத்திரா தீவின் மேடான் நகருக்குப் பிழைக்கச் சென்று, பின்னர் மதுரைக்குத் திரும்பி நாளிதழிற் பணியாற்றியவர் சிங்காரம். நாவல் நூலாக வெளிவந்தது 1972இல். சப்பானியர் படை நுழைந்த மேடானில் தொடங்கி, பினாங்கு, இந்திய தேசிய இராணுவம் எனப் போர்க்காலத் தென்கிழக்காசியா முழுவதும் அலையும் பாண்டியன் என்னும் தமிழ் இளைஞனின் கதை அது. நான் குடியிருக்கும் ஊரை ஈன்ற அதே போர் என்றெண்ணி ஆவலோடு தொடங்கினேன். ஆனால் நாள்களோ குறைவு. போர் வரும் பக்கங்களில் நின்றேன்; பாண்டியன் தான் பிறந்த மண்ணையும் மதுரைத் தெருக்களையும் நினைத்துப் பார்க்கும் பக்கங்களை விரலால் தள்ளினேன். கடைகளும் மனிதர்களும் பெயர் பெயராக நிரைகொண்டு வரும் பக்கங்கள் அவை. கதை அங்கு நகரவில்லை என்பது என் எண்ணம். முப்பதாம் நாள் இரவு குறிப்பெழுதினேன். பட்டியலில் ஐம்பது நிறைந்தது. வாழ்த்துகள் குவிந்தன. என் பெயர் பொறித்த சான்றிதழ்ப் படமும் கைப்பேசிக்கு வந்தது.

நான்கு நாள் கழித்துப் பெரியவரிடமிருந்து அழைப்பு. அந்நாவலை அவரும் பேத்தியும் இலையுதிர் காலம் முழுதும் படித்து அப்போதுதான் முடித்திருந்தனர். "தம்பி, அந்தக் கடைத்தெரு வருதே, அதைப் படிக்கையில உங்களுக்கு எந்த ஊரு ஞாபகம் வந்துது?" என்று கேட்டார்.

எந்தக் கடைத்தெரு என்றே நான் அறியேன். "ஐயா, ஆசிரியர் நனவோடை உத்தியை மிகத் திறம்படக் கையாண்டிருக்கிறார்" என்றேன். வேறொருவர் எழுதிய மதிப்புரையில் கண்ட தொடர் அது.

"அது சரி தம்பி. உங்களுக்கு எந்த ஊரு ஞாபகம் வந்துது?"

என்னிடம் விடை இல்லை. இரயில் வருகிறது என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன்.

இனி, வினாவுக்கு வருவோம். அப்பொய்யால் இழந்தவர் யார்? பணம் எவருக்கும் போகவில்லை. ஆசிரியர் 1997இலேயே மறைந்தார். பொய்மையும் வாய்மையும் பிறர்க்கு விளையும் நன்மை தீமை கொண்டே அளக்கப்படும் என்பது வள்ளுவர் நெறியெனில், யாருக்கும் தீங்கு விளையாத இக்கூற்று பொய்யே அன்று எனவும் வாதிடலாம். சில நாள் அவ்வாறே எனக்குள் வாதிட்டேன். ஆனால் பெரியவர் என்னிடம் கேட்டது தேர்வு வினாவன்று. பட்டியலில் என் பெயரை அந்நூலுக்கு நேரே கண்டு, தாம் நின்ற கடைத்தெருவில் இன்னொருவரும் நின்றிருப்பார் என்று நம்பி, அவரைத் தேடி வந்தார். நான் அங்கு இல்லை. நூலைப் படித்தேன் என்று கூறுவது, அவ்விடத்தில் நானும் இருந்தேன் என்று மற்றொரு வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு. ஊரைவிட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்து, ஊர்ப்பேச்சுப் பேச ஆள் தேடும் முதியவர்க்கு அவ்வாக்கின் விலை என்ன என்பதனை மாநகரத் தமிழர்க்கு நான் விளக்க வேண்டுமோ?

இவ்வெட்கத்தில் உழன்ற நாள்களில், இளமையிற் படித்த உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நினைவுக்கு வந்தது. 1880 அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்தில் நிகழ்ந்ததாக அவரே எழுதிய நிகழ்ச்சி. அப்போது அவர் அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். ஐயர் தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் எனப் பெரும் பட்டியலொன்றை அடுக்கினார். இன்றைய வாசகர் வட்டமாயின் சான்றிதழ் நூறு கொடுக்கலாம். முதலியார் முகத்திலோ வியப்பில்லை. இவற்றால் என்ன பயன் என்பது போற் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார்; மணிமேகலை படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை. படித்ததில்லை என்றே சொன்னார். அங்குதான் என் மனம் நிற்கிறது. அத்தனை பெரிய பட்டியலின் உரிமையாளர், தம் பெருமிதம் அடிபட்ட அந்நேரத்தில், ஒரு மழுப்பற் சொல் சொல்லித் தப்பியிருக்கலாம். அவ்வாறு தப்பியிருப்பின் முதலியார் ஏட்டுப் பிரதியைத் தேடித் தந்திருக்க மாட்டார். 1887இல் சிந்தாமணிப் பதிப்பும் வந்திராது. தமிழ்நாட்டின் தலைசிறந்த வாசிப்புச் சவால் அதுவே என்பது என் துணிபு. சவாலின் அளவோ, ஒரே ஒரு நூல்.

அதே வரலாற்றில் மற்றோர் இடமும் உண்டு. சிந்தாமணியின் சமண மரபுச் செய்திகள் விளங்காமல் ஐயர் இடர்ப்பட்டபோது, கும்பகோணத்துச் சமணர் வீடொன்றுக்குச் செல்கிறார். வாயிலில் மாக்கோலமும் தோரணமும் விளங்கக் கண்டு, இன்று என்ன விசேடம் என்று கேட்கிறார். ஆறு மாத காலமாக நிகழ்ந்த சிந்தாமணிச் சிரவணம் இன்று நிறைவுற்றது என்கின்றனர் வீட்டார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களை, ஒருவர் படிக்கப் பிறர் செவிமடுத்து, ஆறு மாதம்! நிறைவு நாளில் வாயிலுக்குத் தோரணம்! கேட்டது கணக்கில் சேருமா என்று அவ்வீட்டில் எவரும் வினவியிருக்க மாட்டார்.

என்னுடைய பட்டியலைத் திருத்த விரும்புவதாக வட்டத்தை நடத்தும் நண்பரிடம் சொன்னேன். ஐம்பதை நாற்பத்தொன்பதாக்க வேண்டும் என்றேன். "சார், ஆண்டுக் கணக்கு முடிந்தாயிற்று. ஒன்றால் என்ன?" என்றார் அவர். மார்ச்சு மாதத்தில் நானே பலருக்குச் சொன்ன விடை அது. வற்புறுத்தியதன்பேரில் திருத்தினார். யாரும் அதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வாழ்த்து வழங்கியோர் அதனைத் திரும்பப் பெறவுமில்லை. கேள்விநூல் பற்றிய விதியை மாற்றவேண்டும் என்று நான் எழுதியதற்கு இரண்டு பேர் ஆதரவு தந்தனர், ஐவர் மறுத்தனர்.

பெரியவரிடம் நடந்ததைச் சொல்லக் கைப்பேசியில் மனம் வரவில்லை. ஒரு ஞாயிறு சயான் நிலையத்தில் இறங்கித் தாராவிக்கு நடந்து அவர் வீட்டுக்குச் சென்றேன். ஏணிப்படி ஏறி மேல்தளத்து அறையில் அமர்ந்து, அப்பக்கங்களை நான் படிக்கவில்லை ஐயா என்றேன். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப நல்லதாப் போச்சு. பாப்பா, அந்தப் புஸ்தகத்தை எடு" என்றார்.

பேத்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு கடையின் பெயர் வந்ததும் பெரியவர் கையை உயர்த்தி நிறுத்துவார். தம் ஊரில் அதற்கு நேரான கடை எது, அதன் முதலாளி யார், அவருக்கும் தம் தந்தைக்கும் இருந்த கடன் வழக்கு என்ன என்று சொல்வார். பிறகு என் பக்கம் திரும்புவார். என் ஊர்ச் சந்தையில் கருப்பட்டி விற்ற பாட்டியை நான் சொன்னேன். இருபது ஆண்டுகளாக அவரை நினைத்ததில்லை. ஊரையே பார்த்திராத அப்பெண், கருப்பட்டிச் சிப்பம் என்றால் என்னவென்று கேட்டாள். இருவரும் சேர்ந்து பனையோலையை மடித்துக் காட்டுவதுபோல் காற்றில் கைகளை அசைத்தோம். மாலை வரை நான்கு பக்கம் முடிந்தது. அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார். இவ்வாண்டுக்கான வட்டத்தின் படிவம் என் கைப்பேசியில் திறந்தே கிடக்கிறது; எத்தனை நூல் என்னும் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.